மறுமொழி: 'புவியண்மைச் சிறுகோள்' சரியா?

> 'புவியண்மைச் சிறுகோள்' என்று முடிவாக்கிவிடலாமே. எதற்கு இவ்வளவு தயக்கம்?

பூமிக்குக் கிட்ட வந்துபோகும் சிறுகோளுக்கு (ஆங்கிலத்தில் near-Earth asteroid; சிறுகோள் என்பது சூரியனைச் சுற்றும் சிறு பாறை) தமிழ்ச்சொல் தேடுகிறோம். தயக்கத்துக்குக் காரணம் என் வகுப்புத்தான், ஐயா. போன கிழமை மாங்குளத்தில் தரம் பத்துக்கு இந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன். முன்வாங்கில் இருந்த பிள்ளை உடனே கேட்டாள்: "அண்மையில கண்டுபிடிச்சதோ சேர்?" இலக்கணத்தில் 'அண்மை விளி' (பக்கத்தில் நிற்பவரை அழைப்பது) படித்த பிள்ளைதான். ஆனாலும் செய்தித்தாளில் 'அண்மையில்' என்றால் காலம் அல்லவா. வேறு யாரும் அப்படி நினைத்தீர்களா என்று கேட்டேன். பாதி வகுப்பு கை உயர்த்தியது.

அதைவிட என்னை உறுத்துவது வேறு. இரண்டு விஷயங்களை ஒரே சொல்லில் கட்டப் பார்க்கிறோம். ஒன்று இனம். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை ஒன்று என்று வைத்தால், சூரியனிலிருந்து 1.3 பங்குக்குள் வந்துபோகும் சிறுகோளை இந்த இனத்தில் சேர்க்கிறார்கள். இன்றைக்கு அது சூரியனுக்கு அந்தப் பக்கம் நின்றாலும் இனம் மாறாது. மற்றது, அது பூமிக்குக் கிட்ட வந்துபோகும் நிகழ்வு. எங்கள் பக்கத்தில் இதை விளங்கப்படுத்துவது சுகம். காட்டு யானை எல்லா இரவும் வேலியோரம் நிற்பதில்லை. அதன் தடம் வயலோரமாய்ப் போகிறது என்பதால்தான் அது எங்கள் பக்கத்து யானை. அது வந்து வாழையை முறித்துவிட்டுப் போன இரவு வேறு கணக்கு.

> அப்படியானால் நிகழ்வுக்கு 'அண்மைக் கடத்தல்'?

கடத்தலா! இங்கே அந்தச் சொல்லோடு மரமும் மணலும்தான் வரும். 'கடப்பு' என்று சுருக்கினால், 2012 ஜூன் 6இல் சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி போனதற்கு அதைப் பலர் எழுதிவிட்டார்கள். 'உரசல்' தலைப்புக்கு அழகு, ஆனால் பொய். 2023 ஜனவரியில் '2023 பியு' என்ற லொறி அளவுக் கல் தென் அமெரிக்காவின் தென்முனைக்கு மேலே ஏறத்தாழ 3,600 கிலோமீற்றரில் போனது. அதுகூட உரசவில்லை. 1972 ஓகஸ்ட் 10இல் அமெரிக்கா, கனடா வானில் பட்டப்பகலில் ஒன்று வளிமண்டலத்துக்குள் புகுந்து எரிந்துகொண்டே திரும்ப வெளியேறியதே, உரசல் என்றால் அதுதான். அந்தச் சொல்லை அதற்கே விட்டுவைப்போம்.

நிகழ்வுக்கு நான் சொல்வது 'அண்மிப்பு'. 'நகரை அண்மித்த பகுதி', 'வெள்ளம் வீதியை அண்மித்துவிட்டது' என்று நாளும் எழுதுகிறோம். காலக் குழப்பம் இல்லை, வினையும் கையோடு கிடைக்கிறது. இதைச் சத்தமாய் வாசித்துப் பாருங்கள்: "அப்போபிஸ் என்ற சிறுகோள் 2029 ஏப்ரல் 14 அதிகாலை, இலங்கை நேரம் 3 மணி கழிந்து பூமியை அண்மிக்கும். அண்மிப்புத் தூரம் தரையிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீற்றர்." பூமியின் ஒரே இடத்துக்கு மேலே நிற்பதுபோல் சுற்றும் புவிநிலைச் செய்மதிகளே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றரில்தான் இருக்கின்றன; அப்போபிஸ் அதைவிடக் கிட்ட வரும். எனக்கு எங்கும் தடக்கவில்லை. அப்போபிஸ் மோதாது என்பது உறுதியாகிவிட்டது. ஆனாலும் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி வருவதால் வதந்திக்குக் குறைவிருக்காது. அதற்குள் சொல் பிள்ளைகளின் வாயில் பழகிவிட வேண்டும்.

இனத்துக்குப் 'புவியயல் சிறுகோள்'. அயல் என்றால் எங்களுக்கு வேலிக்கு அடுத்த வளவு. ('குறுங்கோள்' வேண்டாம். அந்தச் சொல் புளூட்டோ போன்ற குட்டிக் கோள்களுக்குப் போய்விட்டது.)

> தமிழ்நாட்டில் அயல்நாடு என்றால் வெளிநாடு. அந்நியமாகக் கேட்காதா?

உண்மைதான் அக்கா. 'அயற்கோள்' என்று தனியே எழுதினால் வேறொரு சூரியனின் கோள் என்றே எடுப்பார்கள். முன்னால் 'புவி' நிற்கும்போது யாருக்கு அயல் என்று தெரிந்துவிடுகிறது. சந்தி போட்டுப் 'புவியயற்சிறுகோள்' என்றுதான் எழுத வேண்டும் என்பவர்கள் ஒருநாள் என் வகுப்புக்கு வந்து அதைச் சொல்லிக் காட்டட்டும்.

வருகிற கிழமை இரண்டு சொல்லையும் பலகையில் எழுதி, மறுபடி கை உயர்த்தச் சொல்லப் போகிறேன். என்ன நடந்தது என்று இங்கே எழுதுகிறேன்.