பழைய எக்ஸ்எல் சூப்பர்: ரிங் மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி (உச்சிப்புளி):
பாம்பனில் மீன் எடுத்து ஊர் ஊராக விற்கும் என் தந்தையின் டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர், 69.9 சிசி இரண்டு ஸ்ட்ரோக் வண்டி, மீன் பெட்டியுடன் பாம்பன் பாலத்தின் ஏற்றத்தில் திணறுகிறது. மிதித்தால் கம்ப்ரஷன் இல்லாமல் கால் எளிதாக இறங்கிவிடுகிறது. ஹெட்டையும் (என்ஜினின் மேல் மூடி) போரையும் (பிஸ்டன் ஏறி இறங்கும் உருளை) வீட்டிலேயே கழற்ற நினைக்கிறேன். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கை மட்டும் புதிதாகப் போட்டால் போதுமா?

மறுமொழி (கீழக்கரை):
தம்பி, அளந்து பார்க்காமல் ரிங் வாங்கிப் போடாதீர்கள். தேய்ந்த போரில் புது ரிங் சில மாதங்கள்கூடத் தாங்காது. போரைக் கழற்றியதும் புது ரிங்கைப் பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ரிங் உரசாத அடிப்பகுதியில் ஒருமுறையும், மேலே ரிங் ஓடித் தேய்ந்த இடத்தில் ஒருமுறையும், அதன் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து பாருங்கள். போரின் விட்டம் 0.1 மி.மீ. கூடினால் இந்த இடைவெளி ஏறக்குறைய 0.3 மி.மீ. விரியும் என்பதால், விலையுயர்ந்த கருவி இல்லாமலேயே தேய்மானம் தெரிந்துவிடும். இரண்டு அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, போரில் கீறலும் இல்லையென்றால் ரிங் போதும். இல்லையென்றால் முதலில் ஓவர்சைஸ் பிஸ்டனை (சற்றுப் பெரிய அளவு) வாங்கி, அதையும் போரையும் சேர்த்து லேத் பட்டறையில் கொடுங்கள். கையில் இருக்கும் பிஸ்டனின் அளவுக்குத்தான் போர் போட வேண்டும், அதாவது உருளையைக் கடைந்து பெரிதாக்க வேண்டும்.

மறுமொழி (தங்கச்சிமடம்):
நம் கடற்கரை வண்டிகளில் உப்புக் காற்றால் ஹெட் நட்டுகள் அலுமினியத்தோடு வெள்ளையாகப் பூத்து இறுகிப்போயிருக்கும். முந்தைய இரவே துரு நீக்கும் எண்ணெய் ஊற்றி ஊறவிடுங்கள். அடம்பிடிக்கும் நட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் அது மாட்டியிருக்கும் ஸ்டட் (திருகுக் கம்பி) முறிந்து, செலவு பிஸ்டன் விலையைத் தாண்டிவிடும். கச்சான் காற்று மணலை வாரும் நாளில் முற்றத்தில் வைத்துப் பிரிக்க வேண்டாம். போரைத் தூக்கியதும் கிரான்க் வாயைச் சுத்தமான துணியால் அடைத்த பிறகே பிஸ்டன் பின்னை நழுவாமல் பிடிக்கும் சர்க்லிப்பைத் (கம்பி வளையம்) தொடுங்கள். பழைய சர்க்லிப்பைத் திரும்பப் போடவே கூடாது.

கேள்வி கேட்டவர்:
அளந்துவிட்டேன், அண்ணே. கீழே 0.20, மேலே 0.55 மி.மீ. காட்டுகிறது. போர் போடக் கொடுக்கிறேன். பிஸ்டனை எந்தப் பக்கம் பார்த்துப் பொருத்துவது?

மறுமொழி (கீழக்கரை):
தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங் பள்ளத்தில் உள்ள சிறு முளை, ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே வர வேண்டும். விலகியிருக்கும்போது போரை அழுத்தினால் ரிங் உடையும். சைலன்சர் துளையில் படிந்த கரியை மரக்குச்சியால் சுரண்டிவிட்டு, கேஸ்கெட்டுகளைப் புதிதாகவே போடுங்கள். ஏர் ஃபில்டரை அவசியம் பாருங்கள், ஏனெனில் போரைத் தின்றது பெரும்பாலும் அதன் வழியே போன மணலாகத்தான் இருக்கும். பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில் லிட்டருக்கு 20 மி.லி.க்குக் குறையக் கூடாது. ஹெட் நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாக இறுக்கி, வண்டி ஒருமுறை ஓடி நன்றாக ஆறிய பின் மீண்டும் சரிபாருங்கள். அதுவரை பெட்டி ஏற்ற வேண்டாம்.