ஹார்னஸுக்கு 'உடல்வார்': ஒரு முன்மொழிவு

அன்பர்களுக்கு வணக்கம்.

உயரத்தில் வேலை பார்க்கும் லைன்மேன்களும் மரக்கிளை வெட்டுபவர்களும் தொடை முதல் தோள் வரை உடல் முழுவதும் அணியும் பட்டைகள்தான் ஹார்னஸ். அதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் 'பாதுகாப்புப் பட்டை' என்று வந்திருக்கிறது. இதை மாற்ற வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டையும் நாம் அதே பெயரில்தான் சொல்கிறோம். இரண்டும் வேறு கருவிகள்.

இடுப்பு பெல்ட், கம்பத்தைச் சுற்றி மாட்டிச் சாய்ந்து நின்று இரு கையாலும் வேலை பார்ப்பதற்கு. விழுபவரைப் பிடிப்பது அதன் வேலையே இல்லை. 1.8 மீட்டர் விழுந்தாலே வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அந்த வேகத்தில் இடுப்பு மட்டும் வெடுக்கென்று இழுபட்டால் வயிற்று உறுப்புகளும் முதுகெலும்பும் பாதிக்கப்படும்; ஆள் தலைகீழாகி நழுவிவிடவும் கூடும். ஹார்னஸ் அதே இழுப்பைத் தொடை, இடுப்பெலும்பு, மார்பு, தோள் என்று பரப்பிவிடுகிறது. முதுகில், இரு தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ள வளையத்தில் கயிறு மாட்டுவதால் ஆள் நிமிர்ந்தபடியே தொங்குவார். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, விழுபவரைப் பிடிக்கும் அமைப்பில் இடுப்பு பெல்ட்டை 1998 ஜனவரி 1 முதல் ஏற்பதில்லை. ஐரோப்பாவிலும் இடுப்பு பெல்ட்டுக்கு இஎன் 358, முழு உடல் ஹார்னஸுக்கு இஎன் 361 என்று தனித்தனித் தரங்கள். தமிழ்க் கையேட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால், அதைப் படித்துவிட்டு மேலே ஏறுபவர் எதை மாட்டிக்கொள்வார்?

இடுப்பு பெல்ட்டுக்குப் புதுச்சொல் தேடவேண்டாம். மின்வாரிய வேலையில் 'இடுப்புக் கயிறு' என்ற பேச்சு ஏற்கெனவே இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம். ஹார்னஸுக்கு 'உடல்வார்' என்று முன்மொழிகிறேன். செருப்பு வார் என்று இன்றும் சொல்கிறோம், அதனால் வார் என்றதும் பொருள் புரிந்துவிடும். உடல் முழுவதும் போடுவது என்பதும் பெயரிலேயே வந்துவிடுகிறது.

'சேணம்' அகராதிப்படி சரிதான். ஆனால் ஒரு தொழிலாளியிடம் போய் "சேணத்தைப் பூட்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'உடற்கவசம்' வேண்டவே வேண்டாம். கவசம் மேலே விழும் அடியைத் தடுப்பது. இங்கே விழுவதே ஆள்தான்.

அப்புறம், 'வீழ்தடுப்பு' என்ற ஒரே சொல்லில் இரண்டு முறைகள் அடங்கிவிடுகின்றன, அவற்றையும் பிரிக்க வேண்டும். கூரை விளிம்புக்குப் போகவே முடியாதபடி கயிற்றை அளந்து கட்டுவது ஒரு முறை. விழுந்த பிறகு தரையில் மோதாமல் பிடித்து நிறுத்துவது இன்னொரு முறை. முதலாவதற்கு மட்டும் 'வீழ்தடுப்பு' பொருந்தும். இரண்டாவதற்கு 'வீழ்தாங்கல்' எனலாம். இந்த முறைக்குக் காலடியில் போதிய வெற்றிடம் வேண்டும், தொங்குபவரை உடனே இறக்கும் ஏற்பாடும் வேண்டும். அசையாமல் தொங்கினால் இரத்தம் கால்களில் தேங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

காலில் கட்டி மரக்கம்பம் ஏறும் முள்ளுக்குக் 'கால்முள்' போதும். வெட்டிச் சாய்க்கப்போகும் மரத்தில் அதைப் போட்டு ஏறலாம். கிளை கழிக்க மட்டும் ஏறும் மரத்தில் கூடாது, பட்டையும் உள்திசுவும் காயப்படும் என்ற குறிப்பையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டுகிறேன்.

ஒன்றுக்கு மட்டும் எனக்குச் சொல் அகப்படவில்லை. கயிற்றோடு வரும் மடித்துத் தைத்த நாடா. விழும்போது அதன் தையல் பிரிந்து பிரிந்து இழுப்பைக் குறைக்கும்; இஎன் 355 தரப்படி அந்த இழுப்பு 6 கிலோநியூட்டனைத் தாண்டக்கூடாது. 'அதிர்வுதாங்கி' என்றால் வண்டியின் ஷாக் அப்சார்பர்தான் நினைவுக்கு வரும். 'பிரிநாடா' என்று ஒன்று தோன்றுகிறது. தையல் தொழில் தெரிந்தவர்கள் இதைவிட நல்லதாகச் சொல்வார்களா?