‘தா’ என்றால் அடி. ஆனால் அடிப்பது யார், யாரை?

ஜினான் ரிட்டர்ன்:

2013 செப்டம்பரில் எம்.பி.பி.எஸ். படிக்க ஜினானில் போய் இறங்கினேன். சீனாவின் ஷான்டோங் மாகாணத் தலைநகர். பாடம் ஆங்கிலத்தில் என்றாலும் ஹாஸ்டல், கேன்டீன், வார்டு எல்லாமே சீனம்தான். முதல் வாரமே ஒரு எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள். உச்சரிப்பு ‘தா’, கொஞ்சம் கீழே இறக்கி இழுக்க வேண்டும். மொத்தம் ஐந்து கோடு. இடப்பக்கம் இருப்பது கை, வலப்பக்கம் ஆணி மாதிரி கொக்கி வைத்த ஒரு ‘டி’. கையும் ஆணியும் இருந்தால் என்ன ஆகும்? அடி. ஒரு நிமிடத்தில் மனதில் பதிந்துவிட்டது. வம்பு அங்கேதான் ஆரம்பம்.

அன்று சாயங்காலம் பக்கத்து அறைச் சீன மாணவர் இரண்டு கையிலும் பிளாஸ்க்கோடு வந்து, “தா ஷுவெய் போறேன், வர்றியா?” என்றார். ஷுவெய் என்றால் தண்ணீர். தா என்றால் அடி. தண்ணி அடிக்கக் கூப்பிடுகிறார்! அதுவும் பிளாஸ்க்கில்! வீட்டில் சொல்லி அனுப்பியது நினைவுக்கு வர, கையை ஆட்டி, “நான் குடிக்கிறதில்லை” என்று தெரிந்த சீனத்தில் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “தண்ணியே குடிக்க மாட்டியா?” என்று கேட்டார். அப்புறம் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். ஹாஸ்டல் பின்னால் வெந்நீர்க் கூடம். சுவரில் வரிசையாகக் குழாய்கள், ஆவி, பிளாஸ்க்கோடு நிற்கும் பையன்கள். தண்ணீர் பிடிப்பதுதான் தா ஷுவெய். கேன்டீனில் தட்டை நீட்டிச் சோறு வாங்குவது தா ஃபான்.

சைக்கிள் கடையில் மட்டும் மனம் குளிர்ந்தது. டயருக்குக் காற்றடிப்பதை அவர்கள் தா ச்சி என்கிறார்கள். ச்சி என்றால் காற்று. வார்த்தைக்கு வார்த்தை நம்ம ஊர்தான்! ஆனால் இதே சொல்லுக்கு ஒருத்தரைத் தெம்பூட்டுவது என்றும் பொருள். நாம் யாருக்காவது ‘காத்தடிச்சா’ அர்த்தம் வேற.

நான்காம் வருடம் வார்டில் பட்டதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு பெரியவர், பகலெல்லாம் தூங்கி வழிகிறார் என்று மகன் கூட்டி வந்திருந்தார். விசாரித்தேன். மகன் சொன்னது என் காதில் “தா தா ஹுலு” என்று விழுந்தது. முதல் தா ‘அவர்’, இரண்டாவது தா ‘அடி’. அவர் ஹுலுவை அடிக்கிறார். யார் இந்த ஹுலு, மருமகனா? “எத்தனை நாளா அடிக்கிறார்?” “இருபது வருஷமா, தினமும் ராத்திரி.” “போலீஸுக்குப் போகலையா?” பின்னால் நின்ற சீன இன்டர்ன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிவிட்டார். தா ஹுலு என்றால் குறட்டை விடுவது. நோயே அதுதான், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது. நான் அடிதடி கேஸ் எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டு தாவும் ஒன்றல்ல என்பது தனிக் கதை. ‘அவர்’ என்பதற்கு வரும் தா, வாயிலிருந்து காற்று பீறிட வர வேண்டும். தொனியும் மேலேயே ஒரே மட்டமாக நிற்கும். ‘அடி’ என்பதற்கு நம்ம தமிழ் ‘தா’ போதும். பாடப்புத்தகத்தில் ஆங்கிலம் பார்த்து ‘டா’ என்று படிக்கிறவர்களைவிட நாம் பரவாயில்லை. ஆனால் காற்று விட்டுச் சொல்லும் தகரம் தமிழில் இல்லையே! டீச்சர் என் வாய்க்கு முன்னால் டிஷ்யூ பேப்பரைப் பிடித்துக்கொண்டு, அது ஆடும் வரை விடவில்லை.

ஜூரோங் அக்கா:

தம்பி, சிங்கப்பூர்ல எங்களுக்கு இந்த எழுத்து நாக்குல ஊறினது. சாப்பாட்டைக் கட்டி வாங்கணும்னா ‘தாபாவ்’ தான். தமிழ்க் கடையிலகூட “ரெண்டு பரோட்டா தாபாவ்”னு கேட்போம். அது சீனத்துலேர்ந்து வந்த சொல்னு தெரியாத பிள்ளைங்க இருக்காங்க, மலாய்னு நினைச்சுக்குதுங்க. நாங்க ‘போன் அடி’ன்னு சொல்றதைக் கேட்டு ஊர்லேர்ந்து வந்த மருமக சிரிச்சா. சீனரும் போனை அடிக்கத்தான் செய்றாங்க, தா தியன்ஹுவா. நீ போய் அவங்களைச் சிரி பாப்போம்னேன்.

திருப்பூர் நூல்:

நமக்குப் படிப்பெல்லாம் இல்லீங்க. பட்டன், ஜிப்பு எடுக்கச் சீனாவுல ஈவூ மொத்தச் சந்தைக்குப் போய்ட்டு வந்து பழகுனது. அங்க ஒரு ஷூ கடைக் கண்ணாடியில 8 போட்டுப் பக்கத்துல ஒரு எழுத்து. மொழிபெயர்க்கிற பையன்கிட்ட கேட்டா, “தா பா ஜெ, தள்ளுபடிண்ணா” அப்படின்னான். எட்டுன்னா எண்பது சதவீதம்தானேன்னு நெனச்சு, 300 யுவான் ஷூவுக்கு 60 யுவானை எடுத்து நீட்டினேன். அந்தப் பொண்ணு கால்குலேட்டர்ல 240 தட்டிக் காட்டுச்சுங்க. பத்துல எட்டுப் பங்கு குடுக்கணும், ரெண்டு பங்குதான் தள்ளுபடி. 9 போட்டிருந்தா பத்து சதவீதம்தான். நம்பர் சின்னதா இருந்தாத்தான் நமக்கு லாபம்.

இன்னொண்ணு. இந்தத் ‘தா’ எழுத்தையே டஜனுக்கும் எழுதறாங்க. அப்ப மட்டும் குரலைக் கீழிருந்து மேல ஏத்தோணும். ‘டஜன்’ சத்தத்தைப் பிடிச்சு வெச்ச பேராமா. பில்லுல பாத்து, எதுக்குடா பட்டனை அடிக்கறானுகன்னு யோசிச்சிருக்கேன்.

ஏட்டுச்சுரைக்காய்:

இந்தப் புலம்பல் புதுசு இல்லை. சோங் அரச வம்சக் காலத்துச் சீன அறிஞர் ஓயாங் ஷியூ (1007–1072) எழுதி வைத்திருக்கிறார்: பெரியவர் சிறியவர் பேதமின்றி ஊரே சேர்ந்து தப்பாகப் பயன்படுத்தும் சொல் இந்த ஒன்றுதான் என்று. பட்டியலும் போடுகிறார். படகு செய்வதும் ‘தா’, மீன் பிடிப்பதும் ‘தா’, தண்ணீர் மொள்வதும் ‘தா’, குடை பிடிப்பதும் ‘தா’. ஆக, ஜினான் தம்பி பிளாஸ்க்கைப் பார்த்து மிரண்ட அதே தா ஷுவெய் ஆயிரம் வருடம் முன்பே சீனரையே எரிச்சல்படுத்தியிருக்கிறது. உச்சரிப்பிலும் அவருக்குக் குறை. வலப்பக்க உறுப்பின் ஓசை ‘திங்’, அதை ஒட்டித்தான் முழு எழுத்தையும் வாசிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதாவது அந்த ஆணி ஓசைக்காக வந்து உட்கார்ந்தது. கையும் ஆணியும் கதை நினைவில் வைக்க நல்லது, அவ்வளவுதான்.

இருபதாம் நூற்றாண்டில் லியூ பன்னோங் வந்தார். ‘அவள்’ என்பதற்குச் சீனத்தில் தனி எழுத்தைப் பரப்பியவர். அவர் இந்தத் ‘தா’வைத் திட்டிய சொல்லைத் தமிழில் சொன்னால் ‘களவாணி எழுத்து’ என்று வரும். அசல் இன்னும் காரம்.

இரண்டாம் ஷிப்ட்:

ஷென்ஜென்ல மூணு வருஷம். கூலி வேலை, சம்பள வேலை எதுவானாலும் தா கோங். ஃபாக்டரி வாசல்ல கார்டு பஞ்ச் அடிக்கிறது தா கா. இப்ப சுற்றுலா போற இடத்துல போட்டோ எடுத்துப் போடுறதுக்கும் அதே தா கா தான், பஞ்ச் அடிச்சுட்டு வர்ற மாதிரி.

எனக்குப் பிடிச்சது தா ஜியாங்யோவ். ஜியாங்யோவ்னா சோயா சாஸ். அந்தக் காலத்துல வீட்டுப் பாட்டிலை எடுத்துட்டுப் போய்க் கடையில அளந்து வாங்கிட்டு வருவாங்க, நாம செக்குல எண்ணெய் வாங்கின மாதிரி. “பையன் சாஸ் வாங்கிட்டு வர்ற அளவுக்கு வளந்துட்டான்”னு சொல்றது உண்டு. 2008-ல குவாங்ஜோ தெருவுல டிவிக்காரங்க ஒருத்தர்கிட்ட ஊரே பேசிட்டிருந்த ஒரு வம்பைப் பத்தி மைக்கை நீட்டினாங்க. அவர், “எனக்கென்ன? நான் சோயா சாஸ் வாங்க வந்தேன்”னார். அதுலேர்ந்து, இதுல எனக்குச் சம்பந்தமில்லை, சும்மா அந்தப் பக்கமா போனேன்னு சொல்ல அந்த ஒரு வார்த்தை போதும். மீட்டிங்ல என்கிட்ட கருத்து கேட்டப்ப ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். மேனேஜர் தவிர எல்லாரும் சிரிச்சாங்க.

ஜினான் ரிட்டர்ன்:

அண்ணா, அந்த மேனேஜர் முகத்தைப் பார்த்திருக்கணும்!

இந்த எழுத்துக்கு மட்டும் தனி நோட்டு போட்டேன். இடப்பக்கம் சீனம், வலப்பக்கம் நம்ம ‘அடி’ பொருந்துமா என்று டிக். மேளம், மணி, டைப், மின்னல் எல்லாம் டிக். குடை, கொட்டாவி, தும்மல், ஸ்வெட்டர் பின்னுவது, ஊசி போடுவது எல்லாம் பெருக்கல் குறி. எதிர்ப்பக்கமும் ஏமாற்றும். வெள்ளையடிப்பது, வெயில் அடிப்பது இரண்டுக்கும் அங்கே தா கிடையாது. கூடைப்பந்து, பேட்மின்டனுக்கு உண்டு. கால்பந்துக்குப் போட்டால் திருத்துவார்கள், அதற்கு உதைக்கும் வினை தனி. கை உறுப்பு இருக்கும் எழுத்தாயிற்றே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் குறட்டையில் கை எங்கே வந்தது என்று கேட்காதீர்கள்.

வடகரை:

எனக்குச் சீனத்தில் ஒரு எழுத்தும் தெரியாது. படிக்கிற உத்தேசமும் இல்லை. பாட்டிலோடு வந்தேன், சாஸ் வாங்கிவிட்டேன், கிளம்புகிறேன்.