டிக்கெட்டில் ஒன்றேகால் மணி, வீட்டிலிருந்து ஆறு மணி

பெருந்துறையிலிருந்து:

கோவையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று யார் கேட்டாலும் "ஒன்றேகால் மணி" என்று மார்தட்டிக்கொண்டிருந்தவன் நான். போன தை மாதம் புரசைவாக்கத்தில் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். காலை 7 மணிக்கு வீட்டைப் பூட்டினேன். அவிநாசி வழியாக விமான நிலையம் சேர 8.15. பெட்டியை ஒப்படைத்து, பெல்ட்டைக் கழற்றி மாட்டி, ஆறிப்போன காப்பியோடு உட்கார்ந்திருந்துவிட்டு 10.20க்குக் கிளம்பினேன். 11.35க்குச் சென்னை. பெட்டி வர அரை மணி, டாக்ஸியில் ஒரு மணி.

மண்டபத்தில் நுழைந்தபோது ஈரோட்டுச் சித்தப்பா பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். 6.45க்கு வீட்டை விட்டவர். வந்தே பாரத்தில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டார். "என்ன மாப்பிள்ளை, பறந்து வருவதாகச் சொன்னார்களே?" என்றார்.

அன்றிரவே கணக்குப் போட்டேன். இரண்டு விமான நிலையங்களுக்கும் நேர்கோட்டில் 400 கிலோமீட்டர்தான், கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். மணிக்கு 800 கிலோமீட்டர் பறப்பதற்கு அது அரை மணி வேலை. ஆனால் டிக்கெட்டில் இருக்கும் நேரம் பறக்கும் நேரமல்ல. நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்கும்வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மெதுவாக ஏறுவது, இறங்க முறை வரும்வரை சுற்றுவது எல்லாம் அதில் அடக்கம். அன்று சென்னையைத் தாண்டிக் கடலுக்கு மேலேயே போய்விட்டு, திரும்பி வந்துதான் இறக்கினார்கள். சன்னல் வழியே மீன்பிடிப் படகுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கோவை நகருக்குள், பீளமேட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு விமானம் சரிதான். ஈரோட்டுப் பக்கத்து ஆள் சென்னைக்குப் போக மேற்கே 70 கிலோமீட்டர் பின்னோக்கி ஓடுவது என்ன கணக்கோ.

பல்லடத்திலிருந்து:

உங்களுக்காவது சொன்ன நேரத்துக்கு இறங்கியது. நான் வந்தது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீழே எங்கள் ஊர்ப் பக்கத்துக் காற்றாலைகள் வெறிகொண்டு சுற்றுவது தெரிந்தது. சக்கரம் தரையைத் தொடப்போகிற நேரத்தில் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மறுபடி மேலே ஏறிவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார், நானும் விடவில்லை. இன்னொரு சுற்றுச் சுற்றி இறங்க 20 நிமிடம் கூடுதல்.

மேட்டுப்பாளையத்திலிருந்து:

எங்கள் அம்மாயி கதையைக் கேளுங்கள். பேத்தியின் பிரசவத்துக்காகக் கோவையிலிருந்து நேராகச் சிங்கப்பூர் போனார். பயணம் நாலேகால் மணி. அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுவதால், புறப்பட்ட நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் வைத்து விரல்விட்டு எண்ணியவருக்கு ஆறே முக்கால் மணி வந்தது. திரும்பும்போது அதே கணக்கில் ஒன்றே முக்கால் மணிதான்! நேர வித்தியாசத்தை நான் தாளில் படம் போட்டு விளக்கினேன். அம்மாயி கேட்கவில்லை. "நம் மலை ரயில் ஊட்டிக்கு ஏற ஐந்து மணி நேரம், இறங்க மூன்றரை மணி நேரம். சிங்கப்பூர் மேட்டில் இருக்கிறது கண்ணு, வரும்போது இறக்கம்" என்று சொல்லிவிட்டார்.