மறு: ‘ஸ்ட்ரா எஃபெக்ட்’ – உறிஞ்சுகுழலா, மடையா?

அன்புள்ள குழுவினருக்கு,

‘ஸ்ட்ரா எஃபெக்ட்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் இழையில் அண்ணாச்சி சொன்ன ‘உறிஞ்சுகுழல் விளைவு’ பொருள் பிசகாத சொல். வேக ரயில் வந்ததும் சிறு ஊரின் வியாபாரமும் வேலையும் பெருநகரத்துக்கு இழுபட்டுப் போவதை ஜப்பானியரும் ‘ஸ்தோரோ கோக்கா’ என்றுதான் சொல்கிறார்கள்; ஸ்ட்ராதான் அவர்கள் வாயில் ‘ஸ்தோரோ’. ஆனாலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. குழலை வாயில் வைத்தவர் உறிஞ்சுவார், ஊர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நான் முன்வைப்பது ‘மடைவடிப்பு’. நம் பக்கத்துக் குளங்கள் மடை வழியாக வடிகின்றன. மடைக்கு ஷட்டர் உண்டு. எப்போது, எவ்வளவு திறப்பது என்று பேசி முடிவுசெய்யலாம். ஸ்டேஷனைச் சுற்றி எதைக் கட்ட விடுவது, டவுன் பஸ்ஸை எந்த ரயிலோடு இணைப்பது என்பதெல்லாம் அந்த ஷட்டர் வேலைதான். ‘மடைக்காப்பு’, ‘மடைவடிப்பு மதிப்பீடு’ என்று கிளைச்சொற்களும் தானாக வருகின்றன.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெரு ஜவுளிக்கடையைச் சொல்கிறேன். நெல்லை – தென்காசி அகலப்பாதை 2012இல் வந்தது. அது அதிவேகப் பாதைகூட இல்லை. முகூர்த்தப் பட்டை விரித்துக் காட்டிய அந்த மரமேடையில் இப்போது பள்ளிச் சீருடைத் துணி அடுக்கியிருக்கிறது. கல்யாண ஜவுளி காலை ரயிலில் நெல்லைக்குப் போய்விட்டது.

அப்புறம், இழையில் இரண்டு விஷயங்கள் கலந்துவிட்டன. 2023 செப்டம்பரில் நெல்லை – சென்னை வந்தே பாரத் தொடங்கியபோது, நெல்லைக்கும் விருதுநகருக்கும் நடுவே நிறுத்தமே இல்லை. கோவில்பட்டியும் சாத்தூரும் அது கடந்து போவதைப் பார்த்தன. இது மடைவடிப்பு அல்ல. அங்கே மடையே வைக்கவில்லை. பிரான்சில் அமியான், சான்-கான்தான் என்ற இரண்டு ஊர்களுக்கும் எட்டாமல், நடுவில் பீட்ரூட் வயல்வெளியில் ஒரு டிஜிவி (அந்நாட்டு அதிவேக ரயில்) நிலையம் கட்டினார்கள். மக்கள் அதற்கு ‘பீட்ரூட் நிலையம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தங்கள் வயலிலிருந்து எடுத்த சொல், அதனால் நின்றது. ரயில் வந்தும் ஊருக்கு எட்டாத அந்த நிலைமைக்கு நாம் தனிச்சொல் தேட வேண்டும்.

‘வடிப்பு’ என்றால் சோறு வடிப்பது நினைவுக்கு வரும் என்று ஒரு தங்கச்சி எழுதியிருந்தார். சரிதான். ஆனால் அங்கே கஞ்சி போய்ச் சோறு தங்கும். இங்கே சோறே போகிறது. ‘மடைவடிதல்’ என்றால் அந்தக் குழப்பம் குறையுமா?

தஞ்சைப் பக்கத்து நண்பர்களிடம் ஒரு கேள்வி: நீங்கள் மதகு என்றுதானே அதிகம் சொல்வீர்கள்? ‘மடை’ உங்களுக்கும் உடனே புரிகிறதா?