கென்னி பர்ரலின் 'மிட்நைட் ப்ளூ' இவ்வளவு புகழுக்குத் தகுமா?

பீபாப் பிரியன்:
ஜாஸ் கிதார் எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம் என்று யார் கேட்டாலும் கிதார் கலைஞர் கென்னி பர்ரலின் 'மிட்நைட் ப்ளூ'வைத்தான் கையில் கொடுக்கிறார்கள். 1963இல் ப்ளூ நோட் என்ற ஜாஸ் ரெக்கார்டு லேபிள் வெளியிட்ட ஆல்பம். கேட்க இதமாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஏழு ட்ராக்கில் பெரும்பாலானவை ப்ளூஸ், எல்லாம் ஒரே மனநிலை, யாரும் எதற்கும் துணிவதில்லை. 1960லேயே வெஸ் மான்ட்கோமரி 'தி இன்கிரெடிபிள் ஜாஸ் கிதார்' ஆல்பத்தில் கட்டைவிரலால் ஆக்டேவ்களை (ஒரே ஸ்வரம், இரண்டு ஸ்தாயியில் ஒன்றாக) அடுக்கி, இந்தக் கருவி எதுவரை போகும் என்று காட்டிவிட்டார். அதற்கு மூன்று வருஷம் கழித்து வந்த இதில் புதிதாக என்ன இருக்கிறது? நாலு பேர் பேசிக்கொண்டு சாப்பிடும்போது பின்னால் ஓடுவதற்குச் சரி, அவ்வளவுதான்.

நடுச்சுரம்:
பியானோ இல்லை, அதைக் கவனித்தீர்களா? பர்ரல், டெனர் சாக்ஸபோனில் ஸ்டான்லி டர்ரன்டைன், பேஸில் மேஜர் ஹாலி, டிரம்ஸில் பில் இங்கிலிஷ், காங்கா என்கிற கையால் தட்டும் மேளத்தில் ரே பாரெட்டோ, அவ்வளவு பேர்தான். அந்தக் காலத்து ப்ளூ நோட் ரெக்கார்டுகளில் பியானோவோ ஆர்கனோ நடுவில் உட்கார்ந்து எல்லா இடத்தையும் நிரப்பிவிடும். இங்கே அந்த இடம் காலி. 'சிட்லின்ஸ் கான் கார்னே'யில் டர்ரன்டைன் வாசிக்கும்போது பின்னால் பர்ரல் போடும் கார்டுகளை (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பவை) மட்டும் ஒருமுறை கேளுங்கள். நறுக்கென்று ஒன்று விழும், அப்புறம் அமைதி, காங்கா மட்டும் போய்க்கொண்டிருக்கும், நாம் அடுத்த கார்டு எப்போது என்று காத்திருப்போம். அந்தக் காத்திருப்புதான் இந்த ஆல்பத்தின் கவர்ச்சி.

பீபாப் பிரியன்:
காத்திருந்து கடைசியில் கிடைப்பது எல்லாருக்கும் தெரிந்த ப்ளூஸ் வரிதானே நண்பரே. உங்களுக்குப் பிடித்திருப்பது ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவு என்று நினைக்கிறேன். நியூ ஜெர்ஸியில் உயரமான மரக்கூரை போட்ட அந்த ஸ்டூடியோவில் காங்காவையும் சாக்ஸையும் அப்படி எடுத்தால் எதை வாசித்தாலும் நன்றாகத்தான் இருக்கும். சாக்ஸ் வந்ததும் ஆல்பம் டர்ரன்டைனுடையதாகிவிடுகிறது என்பது என் இன்னொரு புகார்.

கம்பிக்காரன்:
நான் கிதார் வாசிப்பவன், அதனால் உள்ளே வருகிறேன். தலைப்பு ட்ராக்கில் சாக்ஸே கிடையாது. 'சோல் லமென்ட்' முழுக்க பர்ரல் தனியாக வாசிப்பது, மூன்று நிமிஷம்கூட இல்லை, துணைக்கு டிரம்ஸ் பேஸ் எதுவும் இல்லாமல். அதை வாசித்துப் பார்த்தால் தெரியும், ஸ்வரங்களைப் பிடிப்பது பெரிய விஷயமில்லை, ஒவ்வொன்றையும் எவ்வளவு நேரம் நிற்க விடுவது என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறோம், எனக்கு இன்றுவரை அவசரம் வந்துவிடுகிறது. இன்னொன்று, பர்ரலுக்கு வேகம் தெரியாது என்கிற மாதிரி பேச வேண்டாம். டெட்ராய்ட்டில் பீபாப் என்கிற வேகமான ஜாஸ் கேட்டு வளர்ந்தவர், 1951லேயே பீபாப் மேதை டிஸ்ஸி கில்லெஸ்பியோடு வாசித்தவர். 1958இல் டெனர் சாக்ஸ் மேதை ஜான் கோல்ட்ரேனோடு சேர்ந்து பதிவு செய்த ஆல்பத்தில் 'வை வாஸ் ஐ பார்ன்' என்று ஒரு ட்ராக், கிதாரும் டெனரும் மட்டும். கோல்ட்ரேனுக்கு எதிரே ஒற்றை ஆளாக உட்கார்ந்தவர் இங்கே தெரிந்தேதான் அடக்கி வாசிக்கிறார்.

பீபாப் பிரியன்:
அந்த டூயட் அற்புதம், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அது என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது! அங்கே ஆபத்து இருக்கிறது, இங்கே இல்லை. நிதானமும் ப்ளூஸும்தான் வேண்டுமென்றால் அதே 1963 நவம்பரில் அதே லேபிளுக்கு இன்னொரு கிதார் கலைஞர் கிரான்ட் கிரீன் பதிவு செய்த 'ஐடில் மொமென்ட்ஸ்' இருக்கிறது. தலைப்பு ட்ராக் பதினைந்து நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட போகிறது, டூக் பியர்சனின் பியானோ, பாபி ஹட்சர்சனின் வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிப்பது), ஜோ ஹென்டர்சனின் டெனர். மெதுவாக இருந்துகொண்டே ஒவ்வொருவரும் வேறு வேறு திசைக்குக் கூட்டிப்போகிறார்கள்.

நடுச்சுரம்:
இரண்டும் என் வீட்டில் தேயத் தேய ஓடுகிறவை. ஆனால் 'ஐடில் மொமென்ட்ஸ்'க்கு ஜாஸ் காது கொஞ்சம் வேண்டும். 'மிட்நைட் ப்ளூ' ப்ளூஸ் கேட்டவனை, ராக் கேட்டவனை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்கிறது. ப்ளூஸ்-ராக் கிதார் கலைஞர் ஸ்டீவி ரே வான் வாசித்த 'சிட்லின்ஸ் கான் கார்னே' அவர் இறந்தபின் 1991இல் வந்த ஆல்பத்தில் இருக்கிறது. அதன் வழியாகப் பர்ரலிடம் வந்தவர்கள் எத்தனையோ பேர், நானும் அப்படித்தான். பன்னிரண்டு பார் ப்ளூஸ் (பன்னிரண்டு தாள அளவுகள் திரும்பத் திரும்பச் சுழல்வது) எல்லாருக்கும் தெரிந்த வடிவம் என்று குறை சொல்கிறீர்கள், தெரிந்த வடிவம் என்பதால்தான் ஒருவர் எங்கே நிறுத்துகிறார், எங்கே தாமதிக்கிறார் என்பது புதிதாகக் கேட்பவருக்கும் பிடிபடுகிறது.

புதுக்காது:
இதில் எதையும் கேட்டதில்லை. இன்று ராத்திரி ஒன்றுதான் கேட்க நேரம் இருக்கிறது, எது?

கம்பிக்காரன்:
'மிட்நைட் ப்ளூ' தலைப்பு ட்ராக், அப்புறம் உடனே 'சோல் லமென்ட்'. ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

பீபாப் பிரியன்:
வெஸ்ஸின் 'வெஸ்ட் கோஸ்ட் ப்ளூஸ்'. அதுவும் ப்ளூஸ்தான், எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். கேட்டுவிட்டு இங்கேயே எழுதுங்கள், இவர்கள் இருவருக்கும் பதில் சொல்ல எனக்கு ஆள் வேண்டும்.