ஸ்கேனில் குறை இல்லை, ஆனால் ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் கால் வலி: மனம்தான் காரணமா?

சாட்ஸ்வர்த் ஓட்டக்குழு:
வணக்கம். குழுவில் ஒருவர், வயது 38, வாரம் 60 கி.மீ. ஓடுகிறார். ஒன்றரை ஆண்டில் இடது கெண்டைக்கால், பிறகு வலது பின்தொடை, இப்போது இடது குதிகால். எம்ஆர்ஐ, அல்ட்ராசவுண்ட் இரண்டிலும் ஒன்றும் இல்லை. மூன்று முறையும் பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் வலி தொடங்கியது; முதல் இரண்டும் தேதி கடந்து பத்து நாளில் மறைந்தன. ஜூனில் காம்ரேட்ஸ், டர்பனுக்கும் பீட்டர்மரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடக்கும் நெடுந்தூர ஓட்டப் பந்தயம். "எல்லாம் மனசுதான்" என்று ஒரு பிசியோ சொன்னதில் நொந்துபோயிருக்கிறார். எப்படிச் சோதிப்பது?

பயோகினெட்டிக்ஸ் டர்பன்:
மனமா உடலா என்பதற்கு முன், எலும்பையும் சாப்பாட்டையும் கழித்துவிடுங்கள்.

இரவில் வலி எழுப்புகிறதா, ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படி எலும்பில் வலிக்கிறதா, ஒற்றைக்காலில் குதித்தால் கவட்டையில் வலிக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று சமாதானம் அடையாதீர்கள்; அழுத்த முறிவு (திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் உண்டாகும் நுண்விரிசல்) முதல் சில வாரங்கள் அதில் தெரியாமலே போகும்.

அடுத்து சாப்பாடு. கொழுப்பு நீக்கிய எடை 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஓட்டத்தில் எரிந்ததைக் கழித்தபின், கிலோவுக்கு 45 கிலோகலோரி உடலுக்கு மிஞ்ச வேண்டும். 30-க்குக் கீழே நீடித்தால் எலும்பும் தசையும் பழுதைச் சரிசெய்ய முடியாமல் தவிக்கும். 10 கி.மீ. ஓட்டத்தில் சுமார் 600 போகிறது. ஆக அன்றைய சாப்பாடு 2,850 வரவேண்டும், 2,100-க்குக் குறையவே கூடாது. சித்திரா பௌர்ணமிக் காவடிக்கு விரதம் இருப்பவர் என்றால் இதைக் கட்டாயம் கணக்குப் போடுங்கள். காம்ரேட்ஸ் பயிற்சி உச்சத்தில் இருக்கும் நேரத்தில்தான் அந்த விரதம் வருகிறது. விரதத்தை விட வேண்டாம். பருப்பு, தயிர், நிலக்கடலையைக் கூட்டி, நீண்ட ஓட்டத்தை அந்த நாட்களில் சுருக்கினால் போதும்.

இவை இரண்டும் இல்லை என்றால் குறிப்பேடு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சிரமத்தை 0 முதல் 10 வரை மதிப்பிட்டு நிமிடங்களால் பெருக்குங்கள் (சிரமம் 6, 50 நிமிடம் என்றால் 300). பக்கத்திலேயே ஓடும்போது, அன்று மாலை, மறுநாள் காலை என வலியை 0–10-ல் எழுதுங்கள். தூக்க மணிநேரமும் வேண்டும். ஆறு வாரத்தில் வலி சுமையோடு ஏறுகிறதா, தேதியோடு ஏறுகிறதா என்று கண்ணுக்கே தெரியும். பந்தயத்துக்கு முன் ஓட்டத்தைக் குறைக்கும் டேப்பர் வாரத்தில், சுமை இறங்கியும் வலி ஏறினால் அது பெரிய துப்பு. ஆனால் தசைநாண் ஒன்றிரண்டு நாள் தாமதித்தே வலிக்கும். உச்ச வாரம் முடிந்த கையோடு முடிவுகட்டாதீர்கள்.

டொங்காட் விளையாட்டு உளவியல்:
அண்ணா சொன்ன வரிசை சரி. ஒன்றைச் சேர்க்கிறேன்: "மனக் காரணம்" என்பதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன.

ஒன்று, பதற்றம் உண்மையான காயத்தையே உண்டாக்கலாம். விளையாட்டு உளவியலாளர்கள் ஆண்டர்சனும் வில்லியம்ஸும் 1988-ல் விளக்கிய வழி இது: அழுத்தத்தில் எதிரெதிர்த் தசைகள் சேர்ந்து இறுகுகின்றன, ஓரப்பார்வை சுருங்குகிறது, சாலையோர விளிம்பை கால் தவறவிடுகிறது.

மற்றொன்று, காயம் ஆறியபின்னும், அல்லது காயமே இல்லாமலும், நரம்பு மண்டலம் எச்சரிக்கையை விடாமல் அடிப்பது. காயம் வேறு, வலி வேறு. தைப்பூசத்தில் அலகு குத்தும்போது கன்னத்தைத் துளைப்பது நிஜ ஊசிதான். அங்கே எழும் வலியும், அதே ஊசி எதிர்பாராமல் குத்தினால் எழும் வலியும் ஒன்றல்ல. ஆகவே காயமில்லாத வலியும் பொய் வலி அல்ல. அவரிடம் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அசைவு பயத்தை அளக்க டாம்பா அளவுகோல் இருக்கிறது: 17 வாக்கியங்கள், மொத்தம் 17 முதல் 68 வரை. 37-க்கு மேல் போனால் பயம் அதிகம் என்று பொதுவாகக் கொள்கிறார்கள்.

இனாண்டா:
அமெரிக்க மருத்துவர் ஜான் சார்னோ சொன்னபடி, அடக்கிய கோபம் தசைக்கு ஆக்சிஜனைக் குறைத்து வலி உண்டாக்குகிறது என்று ஏற்றுக்கொண்டு, சிகிச்சையை எல்லாம் நிறுத்தினால் என்ன?

பயோகினெட்டிக்ஸ் டர்பன்:
அந்த ஆக்சிஜன் விளக்கம் நிரூபிக்கப்படவில்லை, தம்பி. பயம் குறைந்தால் பலருக்கு வலி குறைகிறது. அதற்கு அந்தக் கோட்பாடு தேவையில்லை. சிகிச்சையை நிறுத்தினால் கெண்டைக்கால் வலு குறைந்து, அடுத்து வருவது நிஜக் காயமாகவே இருக்கும்.

ஸ்கேனையும் திரும்பத் திரும்ப எடுக்காதீர்கள். முதுகில் வலியே இல்லாத 20 வயதினரில்கூட 37 சதவீதம் பேருக்கு முதுகெலும்புத் தட்டுத் தேய்வு ஸ்கேனில் தெரிகிறது. தேடினால் ஏதாவது அகப்படும், பயம் கூடும்.

சாட்ஸ்வர்த் ஓட்டக்குழு:
நன்றி. எலும்பு அறிகுறி எதுவும் இல்லை. இந்த வாரம் என்ன செய்யட்டும்?

பயோகினெட்டிக்ஸ் டர்பன்:
படியின் விளிம்பில் ஒற்றைக்காலில் குதிகால் உயர்த்தச் சொல்லுங்கள், இரண்டு விநாடிக்கு ஒன்று. 25 வரை போக வேண்டும். இடமும் வலமும் எண்ணிக்கையில் நெருங்கி இருக்க வேண்டும். இடது காலில் தெளிவாகக் குறைந்தால் அங்கே வலுக்குறைவு இருக்கிறது, மனத்தைக் கைகாட்ட வேண்டாம்.

சமமாக இருந்தால் சமதளத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, பத்து சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். வலி 5-ஐத் தாண்டாமல் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்தால் அடுத்த முறை ஓட்டத்தை ஒரு நிமிடம் கூட்டுங்கள். வராவிட்டால் ஒரு படி இறங்கி அங்கேயே தொடருங்கள், முழு ஓய்வு வேண்டாம். காம்ரேட்ஸ் பாதையில் உள்ள ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தை, இடைவிடாமல் முப்பது நிமிட ஓட்டம் கைகூடியபின் வைத்துக்கொள்ளலாம். இறக்கத்தில் முன்தொடையும் கெண்டைக்காலும் நீண்டுகொண்டே சுமை தாங்குவதால் இரண்டு நாள் தசைவலி இருக்கும், அதைப் பழைய காயம் திரும்பியதாக அவர் எண்ணிவிடக்கூடாது. ஓடுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.